ரிப்போர்ட்டில் 71, வாசலில் ஒரு தம்பதி: கூகுள் விளம்பரம் சறுக்கிய வாசகிக்கு

பதுளை மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் ஹப்புத்தளைப் பக்கம் என்று மட்டும் சொல்லி, அடையாளம் காட்டக்கூடிய சில விஷயங்களை மாற்றியிருக்கிறேன். கடிதம் நீளம். சாரம் இதுதான்.

அப்பா தோட்டத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கைக்கு வந்த ஊழியர் சேமலாப நிதியைப் போட்டு வீட்டின் மேல்தளத்தில் நான்கு அறைகள் கட்டி ஹோம்ஸ்டே நடத்துகிறார்கள். தம்பி வேன் ஓட்டி விருந்தினர்களை லிப்டன் சீட், தியலும அருவி, எல்ல என்று கூட்டிப்போகிறார். ஆரம்பத்தில் எல்லா விருந்தினரும் புக்கிங் தளங்கள் வழியாகத்தான் வந்தார்கள், அவை நூற்றுக்கு 17 வீதம் கமிஷன் எடுத்தன. அது மனதை உறுத்தியதால் 2024 இல் சொந்த இணையத்தளம் போட்டு, கொழும்பில் ஒரு சிறிய ஏஜென்சியைப் பிடித்து, பிரித்தானியாவுக்கும் ஜெர்மனிக்கும் கூகுள் தேடல் விளம்பரம் போடத் தொடங்கினார்கள். நாளுக்கு 8 டொலர் அப்பாவின் கடனட்டையில் போகிறது, ஏஜென்சிக்கு மாதம் 15,000 ரூபாய்.

நன்றாக ஓடிய காலத்தில் மாதம் ஏறத்தாழ 400 கிளிக், 20 விசாரிப்பு, 6 புக்கிங். ஒரு புக்கிங்கில் அறை, சாப்பாடு, வேன் எல்லாம் சேர்த்துச் சராசரி 150 டொலர். 2026 ஜனவரியிலிருந்து நிலைமை தலைகீழ். கிளிக் 800 ஆகிவிட்டது, ஒரு கிளிக்கின் விலை பாதியாகக் குறைந்துவிட்டது, ரிப்போர்ட்டில் 71 கன்வெர்ஷன் (விளம்பரத்தால் கிடைத்த வெற்றி என்று எண்ணப்படும் செயல்) என்று பச்சை அம்புக்குறி காட்டுகிறது. ஆனால் பெப்ரவரியில் விளம்பரம் வழியாக வந்து தங்கியது ஒரே ஒரு தம்பதி. ஏஜென்சி சொல்வது: "கூகுள் அல்காரிதம் மாறிவிட்டது, எல்லோருக்கும் இப்படித்தான், ரிப்போர்ட் நல்லாத்தானே இருக்கிறது, பட்ஜெட்டை 15 டொலராக்கி பெர்ஃபோமன்ஸ் மேக்ஸுக்கு மாறுவோம்." (கூகுளின் பல தளங்களிலும் இயந்திரமே விளம்பரம் போடும் வகை அது.) நடுவில் ஒரு நாள் 8 க்குப் பதில் 15 டொலர் போயிருக்கிறது, அது திருட்டோ என்ற பயமும் இருக்கிறது. அப்பா எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்கிறார். அம்மா தன் சங்கிலியை அடகு வைத்துத் தரட்டுமா என்று கேட்கிறார். வாசகியின் கேள்விகள் நான்கு: அல்காரிதம்தான் காரணமா, பக்கத்து விடுதிக்காரர் வேண்டுமென்றே கிளிக் செய்கிறாரா, புதுக் கணக்குத் திறந்தால் சரியாகுமா, போன பணத்தைத் திருப்பிக் கேட்க முடியுமா.

தங்கச்சி, முதலில் அந்தச் சங்கிலியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வைக்காதீர்கள். அம்மா எவ்வளவு அன்போடு கேட்டிருந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். பணம் எங்கே ஒழுகுகிறது என்று தெரியாத ஒரு கணக்கில் பட்ஜெட்டை இரட்டிப்பாக்கினால் ஒழுகுவதும் இரட்டிப்பாகும், அவ்வளவுதான் நடக்கும். விளம்பரத்துக்குப் போடும் பணம் முழுதும் போனாலும் அடுத்த மாதச் சாப்பாட்டுக்கும் வங்கித் தவணைக்கும் இடைஞ்சல் வராத பணமாக இருக்க வேண்டும். அடகுக்கு வட்டி ஓடும், கிளிக்குக்கு உத்தரவாதம் கிடையாது.

அடுத்தது, இன்று மாலையே நாள் பட்ஜெட்டை 8 டொலரிலிருந்து 3 டொலருக்கு இறக்கச் சொல்லி ஏஜென்சிக்கு எழுதுங்கள். முழுக்க நிறுத்த வேண்டியதில்லை. கொஞ்சமாவது ஓடினால்தான் எது கெட்டிருக்கிறது என்று பார்க்க முடியும்.

எந்த அல்காரிதம்?

நீங்கள் வாசித்த 'கோர் அப்டேட்' செய்திகளுக்கும் உங்கள் விளம்பரத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை. கோர் அப்டேட் என்பது கட்டணமில்லாமல் வரும் தேடல் முடிவுகளை வரிசைப்படுத்தும் முறையில் கூகுள் செய்யும் மாற்றம். விளம்பரம் வேறு இயந்திரம். ஒவ்வொரு தேடலுக்கும் ஒரு ஏலம் நடக்கிறது. நீங்கள் கொடுக்கத் தயாரான தொகை, விளம்பரத்தின் தரம், போய்ச் சேரும் பக்கத்தின் தரம், தேடுபவரின் இடம், நேரம், கருவி என்று பலதும் சேர்ந்து யார் மேலே வருவது என்று தீர்மானமாகிறது. சிறிய ஆட்களைத் தண்டிக்கும் பொத்தான் ஒன்று அதில் இருப்பதாக நினைத்து மனம் உடைய வேண்டாம். பெரிய புக்கிங் தளங்களோடு அதே ஏலத்தில் நிற்பது கஷ்டம்தான், ஆனால் அந்தக் கஷ்டம் ஜனவரியில் பிறந்ததல்ல.

அதற்காக ஏஜென்சி முழுப் பொய் சொல்கிறது என்றும் நான் சொல்லவில்லை. விளம்பர இயந்திரமும் மாறிக்கொண்டேதான் வருகிறது, ஒரே திசையில் மாறுகிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. விளம்பரம் எந்தத் தேடலுக்கு வர வேண்டும் என்று நாம் கொடுக்கும் சொல்தான் கீவேர்ட். எக்ஸாக்ட் மேட்ச் என்றால் அந்தச் சொல்லை அப்படியே தேடுபவருக்கு மட்டும் என்று ஒரு காலம் இருந்தது. 2014 இல் எழுத்துப்பிழை, ஒருமை பன்மை போன்ற நெருங்கிய வடிவங்கள் எல்லோருக்கும் கட்டாயமாகின, 2017 இல் சொல் வரிசை மாறினாலும் பொருந்தும் என்றார்கள், 2018 இல் பொருள் ஒன்றாக இருந்தால் போதும் என்றார்கள். 2021 இல் புரோட் மேட்ச் மொடிஃபையர் என்ற இடைப்பட்ட வகையையே எடுத்துவிட்டு அதை ஃபிரேஸ் மேட்ச்சோடு (நம் சொல்லின் பொருள் அடங்கிய தேடல்களுக்குக் காட்டும் வகை) சேர்த்தார்கள். 2020 செப்டெம்பரிலிருந்து மக்கள் உண்மையில் என்ன தேடினார்கள் என்ற பட்டியலில்கூட எல்லாவற்றையும் காட்டுவதில்லை. 2025 இல் ஏஐ மேக்ஸ் வந்தது. அதைப் போட்டுவிட்டால், நீங்கள் கொடுக்காத சொற்களுக்கும் உங்கள் பக்கத்தை வாசித்து இயந்திரமே பொருத்தம் தேடும். ஆக, கட்டுப்பாடு வருடத்துக்கு வருடம் நம் கையிலிருந்து இயந்திரத்தின் கைக்குப் போகிறது. இது உண்மை.

ஆனால் ஒரே மாதத்தில் கிளிக் இரட்டிப்பாகி விலை பாதியாவது பெரும்பாலும் உலகம் முழுவதற்குமான மாற்றத்தால் வருவதில்லை. உங்கள் கணக்குக்குள் யாரோ, அல்லது ஏதோ, ஒன்றைத் திறந்துவிட்டிருக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய தேடல் சொற்களின் ஸ்கிரீன்ஷாட்டைப் பாருங்கள். எல்லவுக்கு ரயில் எத்தனை மணிக்கு, தியலும எத்தனை மீட்டர், ஹோட்டல் வேலை, லண்டனில் மாணவருக்கு ஹோம்ஸ்டே... இவர்களில் யார் ஹப்புத்தளையில் அறை எடுக்கப் போகிறார்கள்? இது புரோட் மேட்ச்சின் கைரேகை, அதாவது தொடர்பு இருப்பதாக இயந்திரம் நினைக்கும் எந்தத் தேடலுக்கும் விளம்பரம் காட்டும் வகையின் கைரேகை. விளம்பரக் கணக்கில், கூகுள் தரும் பரிந்துரைகளைத் தானாகவே அமுல்படுத்த ஒரு வசதி இருக்கிறது, அதில் கீவேர்டுகளைப் புரோட் மேட்ச்சாக மாற்றுவதும் ஒரு பரிந்துரை. யாராவது அதை டிக் செய்து வைத்திருந்தால் ஒரு நாள் சத்தமில்லாமல் எல்லாம் மாறியிருக்கும். அல்லது ஏஜென்சியில் ஒருவர் கணக்கின் 'ஒப்டிமைசேஷன் ஸ்கோர்' நூறாக வேண்டும் என்று எல்லாப் பரிந்துரையையும் ஏற்றிருக்கலாம். அந்த ஸ்கோருக்கும் ஏலத்தில் உங்கள் இடத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று கூகுளே சொல்கிறது.

அந்த 71 எங்கிருந்து வந்தது?

எனக்கு இந்தக் கடிதத்தில் மிகவும் கவலை தந்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

கன்வெர்ஷன் என்று எதை எண்ணுகிறார்கள் என்று ஏஜென்சியிடம் கேட்டீர்களா? உங்கள் இணையத்தளத்தைப் போனில் திறந்து பார்த்தேன். வலது மூலையில் ஒரு பச்சை வாட்ஸ்அப் பொத்தான் மிதக்கிறது, பக்கத்தை விரலால் தள்ளும்போதே அது அழுத்துப்படுகிறது. நீங்கள் அனுப்பிய இரண்டாவது ஸ்கிரீன்ஷாட்டில் கன்வெர்ஷனின் பெயர் 'வாட்ஸ்அப் கிளிக்'. அதாவது பொத்தானில் விரல் பட்டாலே வெற்றி என்று இயந்திரத்துக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். செய்தி வந்ததா, எத்தனை பேர், எந்தத் தேதி, தங்கினார்களா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. எண்ணும் முறை 'ஒவ்வொன்றும்' என்றிருந்தால், ஒரே ஆள் மூன்று முறை அழுத்தினால் மூன்று வெற்றி.

தோட்டத்தில் வளர்ந்தவர் நீங்கள், உங்களுக்கு இது உடனே புரியும். கொழுந்து நிறுக்கும் இடத்தில் இலையின் தரத்தைப் பார்க்காமல் கிலோவை மட்டும் எழுதுவார்கள் என்றால் கூடையில் முற்றல் இலையும் சேரத்தான் செய்யும், நிறுவை மட்டும் கூடிக்கொண்டே போகும். ஏலத் தொகையை இயந்திரமே தீர்மானிக்கும் ஸ்மார்ட் பிடிங் அப்படித்தான். எதை வெற்றி என்று சொன்னீர்களோ அதை மிகக் குறைந்த விலையில் அள்ளிக்கொண்டு வரும். மேட்ச் இறுக்கமாக இருந்த காலத்தில் அறை தேடுபவர்கள் மட்டுமே உங்கள் பக்கத்துக்கு வந்தார்கள், அதனால் வெற்றியின் வரையறை தப்பாக இருந்தும் பெரிய சேதம் இல்லை. ஜனவரியில் மேட்ச் தளர்ந்ததும் இயந்திரம் வெளியே போய், பொத்தானை லேசாக அழுத்தக்கூடிய ஆட்களைக் கூட்டமாகக் கண்டுபிடித்துவிட்டது. அவர்கள் மலிவு. அதனால்தான் கிளிக் விலை பாதியானது. ரிப்போர்ட் நல்லாத்தானே இருக்கிறது என்று ஏஜென்சி சொல்வது அந்த எண்ணைப் பார்த்துத்தான். நீங்கள் பார்க்க வேண்டிய எண் வாசலில் வந்து பையை இறக்கிய ஆட்களின் எண்ணிக்கை.

ஆகவே ஏலத் தொகையையோ விளம்பர வாசகத்தையோ தொடுவதற்கு முன்னால் இதைச் சரிசெய்யுங்கள். இதைச் சரிசெய்யாமல் வேறு எதை மாற்றினாலும் இயந்திரம் மறுபடியும் தப்பான ஆட்களைத்தான் தேடிப்போகும்.

புயலையும் கணக்கில் எடுங்கள்

போன ஜனவரியோடு இந்த ஜனவரியை ஒப்பிட்டிருக்கிறீர்கள். நடுவில் 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் வந்ததை மறந்துவிட வேண்டாம். பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் மண் சரிந்து எத்தனை குடும்பங்களை இழந்தோம், வீதியும் ரயில் பாதையும் என்ன ஆனது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் செய்தியை மான்செஸ்டரில் இருந்து பார்த்த ஒருவர் மலைநாட்டுப் பயணத்தைத் தள்ளிப்போட்டிருந்தால் அதற்கு எந்த அல்காரிதமும் பொறுப்பல்ல. எனவே உங்கள் புக்கிங் 6 இலிருந்து 1 க்கு வந்ததில் ஒரு பங்கு தேவை குறைந்ததால் இருக்கலாம்.

இரண்டையும் பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. கூகுள் ட்ரெண்ட்ஸ் இலவசம். பிரித்தானியாவைத் தெரிவு செய்து ஹப்புத்தளை, எல்ல என்ற பெயர்களை ஆங்கிலத்தில் போட்டு இரண்டு வருடக் கோட்டைப் பாருங்கள். அப்புறம் உங்கள் கணக்கில், ஹப்புத்தளை ஹோம்ஸ்டே என்று நேராகத் தேடியவர்களுக்கு விளம்பரம் எத்தனை முறை தெரிந்தது என்று மட்டும் தனியாக எடுத்து, போன வருடத்தோடு ஒப்பிடுங்கள். அதுவும் ட்ரெண்ட்ஸ் கோடும் சேர்ந்து குறைந்திருந்தால் தேவை விழுந்திருக்கிறது என்று எடுக்கலாம், அது மட்டும் குறைந்திருந்தால் பட்ஜெட் வேறு தேடல்களில் தீர்ந்துபோனதும் காரணமாக இருக்கலாம். மொத்தக் கிளிக் கூடியும் அந்த எண் குறைந்திருக்கிறது என்றால் கூடிய கிளிக்கில் பெரும்பாலானவை தேவையில்லாத ஆட்கள் என்பதற்கு அது நல்ல அடையாளம்.

இதில் ஒரு நல்ல வேலையும் செய்யலாம். உங்கள் பக்கத்தின் மேல் பகுதியில், வீதி இப்போது எப்படி இருக்கிறது, கொழும்பிலிருந்து எந்த வழியாக வரலாம், ரயில் இல்லாவிட்டால் தம்பியின் வேன் எங்கிருந்து ஏற்றும் என்று நான்கு வரி எழுதி, தேதி போட்டு, வாரா வாரம் புதுப்பியுங்கள். பயந்து தயங்கும் ஒருவர் தேடுவது அந்த நான்கு வரியைத்தான். பெரிய புக்கிங் தளம் எதுவும் அதை எழுதாது.

சரிசெய்யும் வரிசை

வரிசை முக்கியம். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று யாருக்கும் தெரியாமல் போகும்.

முதலில் மாற்ற வரலாறு. கணக்கில் 'சேஞ்ச் ஹிஸ்டரி' என்ற பக்கம் இரண்டு வருடம் வரை நடந்த மாற்றங்களை, யார் செய்தது என்பதோடு காட்டும். டிசம்பர் 15 முதல் ஜனவரி 31 வரை எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தானாக அமுலான பரிந்துரைகள் அதில் தனியாகத் தெரியும். தெரிந்தால், அந்த வசதியை முழுவதுமாக அணையுங்கள்.

இரண்டாவது, வெற்றியின் வரையறை. வாட்ஸ்அப் கிளிக்கை இரண்டாம் நிலைக்கு இறக்குங்கள். பார்க்க மட்டும் இருக்கட்டும், அதை வைத்து ஏலம் நடக்க வேண்டாம். வரும் தேதி, போகும் தேதி, எத்தனை பேர் என்று கேட்கும் சின்னப் படிவம் ஒன்றை வைத்து, அது நிரப்பி அனுப்பப்பட்டால் மட்டும் முதல்நிலைக் கன்வெர்ஷன் என்று வையுங்கள், எண்ணும் முறை 'ஒன்று'. படிவத்தை அனுப்பியபின் வாட்ஸ்அப்புக்குப் போகட்டும், உங்களுக்கும் பேச வசதி. இன்னும் ஒரு படி போக முடிந்தால், ஒவ்வொரு கிளிக்கோடும் வரும் ஜிசிஎல்ஐடி என்ற அடையாளத்தைப் படிவத்தில் மறைவாகப் பதிந்து, உண்மையில் புக்கிங் ஆனவற்றை மட்டும் ஒரு ஷீட்டில் போட்டு கூகுளுக்கு ஏற்றலாம். கிளிக் நடந்து 90 நாளுக்குள் ஏற்ற வேண்டும். மாதம் ஆறு புக்கிங் என்றால் ஆறு வரிதான், தம்பியே செய்வார்.

மூன்றாவது, ஸ்மார்ட் பிடிங் உங்களுக்கு இப்போது வேண்டுமா என்பது. என் கருத்து, வேண்டாம். அது கற்றுக்கொள்ள மாதம் ஒரு முப்பது உண்மையான கன்வெர்ஷனாவது இருந்தால் நல்லது, நான்கு அறை வீட்டுக்கு அது வராது. கிளிக்குக்கு உச்சவிலை ஒன்றை நீங்களே வைத்து, எக்ஸாக்ட், ஃபிரேஸ் இரண்டிலும் பத்துப் பதினைந்து சொற்களோடு நடத்துங்கள். பழைய முறை மாதிரித் தோன்றும், ஆனால் சிறிய கணக்குக்கு இதுதான் பாதுகாப்பு.

நான்காவது, இடம். பிரித்தானியா என்று குறித்தால் பிரித்தானியாவில் இருப்பவர்களோடு அந்த நாட்டில் ஆர்வம் காட்டுபவர்களுக்கும் விளம்பரம் காட்டுவதுதான் கூகுள் முன்கூட்டியே வைத்திருக்கும் தெரிவு. லண்டனில் ஹோட்டல் வேலை தேடும் நம் ஊர்ப் பிள்ளைக்கு உங்கள் விளம்பரம் தெரிந்ததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். 'அங்கே இருப்பவர்கள் மட்டும்' என்று மாற்றுங்கள். அதே இடத்தில் தேடல் பங்காளித் தளங்கள், டிஸ்பிளே நெட்வேர்க் (மற்ற இணையத்தளங்களில் விளம்பரம் காட்டும் வலை) இரண்டுக்கும் உள்ள டிக்கையும் எடுத்துவிடுங்கள்.

பிறகுதான் நெகட்டிவ் கீவேர்ட், அதாவது விளம்பரம் வரவே கூடாத சொற்கள். வேலை, சம்பளம், ரயில் நேரம், காலநிலை, லண்டன், மாணவர், எத்தனை மீட்டர் என்று ஸ்கிரீன்ஷாட்டில் உள்ளவற்றை ஒவ்வொன்றாகப் போடுங்கள். சாதாரண கீவேர்ட் போல நெகட்டிவ் ஒத்த பொருள் சொற்களுக்குத் தானாக விரியாது, ஒரு சொல்லைத் தடுத்தால் அதே கருத்துள்ள மற்றச் சொல் உள்ளே வரும். அதனால் முதல் மாதம் வாரம் ஒரு முறை பட்டியலைப் பார்க்கத்தான் வேண்டும்.

இவற்றைச் செய்தபின் இரண்டு மூன்று வாரம் கையை எடுத்துவிடுங்கள். வெளிநாட்டுப் பயணி இன்று கிளிக் செய்து, குடும்பத்தோடு பேசி, விமானச் சீட்டுப் பார்த்து, மூன்று வாரம் கழித்துத்தான் புக் பண்ணுவார். கடைசி ஏழு நாளை மட்டும் பார்த்தால் எப்போதும் தோல்வி போலத்தான் தெரியும்.

பக்கத்து விடுதியும் 15 டொலரும்

பக்கத்து விடுதிக்காரர் மீதுள்ள சந்தேகத்தை, தயவுசெய்து, ஊரில் யாரிடமும் சொல்ல வேண்டாம். விளம்பரம் பிரித்தானியாவிலும் ஜெர்மனியிலும்தானே ஓடுகிறது, ஹப்புத்தளையில் உட்கார்ந்து நூற்றுக்கணக்கில் கிளிக் செய்வது அவ்வளவு எளிதல்ல. செல்லாத கிளிக் என்று கூகுள் தானே கண்டுபிடித்து கழிக்கிறது, 'இன்வெலிட் கிளிக்ஸ்' என்ற பத்தியைச் சேர்த்தால் எண்ணிக்கை தெரியும். அது திடீரென்று ஏறியிருந்தால் மட்டும் விசாரணைப் படிவம் அனுப்பலாம். உங்கள் தேடல் சொற்களே முழுக் கதையையும் சொல்லும்போது ஒரு அயலவரைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

ஒரு நாள் 15 டொலர் எடுத்தது திருட்டல்ல. எந்த ஒரு நாளிலும் நாள் பட்ஜெட்டின் இரண்டு மடங்கு வரை கூகுள் செலவழிக்கலாம், மாத மொத்தம் மட்டும் பட்ஜெட்டின் 30.4 மடங்கைத் தாண்டாது. 8 டொலருக்கு மாதம் 243 டொலர் 20 சதம். அதற்கு மேல் போயிருந்தால்தான் கேள்வி கேட்க வேண்டும்.

உங்கள் உரிமை எதுவரை?

கூகுளிடம் பணம் திரும்பாது. நடந்து முடிந்த கிளிக்குகளில் செல்லாதவற்றுக்கு மட்டும்தான் ஈடு உண்டு. பொருத்தமில்லாத ஒரு உண்மையான மனிதர் கிளிக் செய்தால் அது செல்லுபடியான கிளிக். அதற்காக மாதக்கணக்கில் மின்னஞ்சல் எழுதி மனதைக் களைக்க வைக்காதீர்கள்.

ஏஜென்சி விஷயம் வேறு. கூகுளின் மூன்றாம் தரப்பு விதிப்படி, உங்களுக்காக விளம்பரம் நடத்துபவர்கள் செலவு, கிளிக், எத்தனை முறை தெரிந்தது என்ற மூன்றையாவது மாதம் ஒரு முறை காட்ட வேண்டும், கேட்டால் கணக்கு இலக்கத்தையும் தர வேண்டும். நீங்கள் கேட்க வேண்டியது அதைவிடப் பெரியது: உங்கள் மின்னஞ்சலுக்கு அட்மின் அனுமதி. கடனட்டை அப்பாவுடையது, தொழில் உங்களுடையது, கணக்கு மட்டும் அவர்கள் கையில் என்பது ஆபத்தான ஏற்பாடு. கோபமாக எழுத வேண்டாம். அனுமதி கையில் வரும்வரை மற்றக் குறைகளைச் சொல்லாமல் இருப்பதும் புத்திசாலித்தனம். தர மறுத்தால் எழுத்தில் மறுப்பு வாங்கிக்கொண்டு, அடுத்த மாதக் கட்டணத்தை நிறுத்தி, கடனட்டையை அந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. கொடுத்த கட்டணத்தைத் திரும்பப் பெறுவது ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. நீங்கள் வாய்ப்பேச்சில் தொடங்கியதாக எழுதியிருப்பதால் அந்த வழி பலவீனம். இரண்டு மாதக் கட்டணத்தைக் கழித்துத் தரச் சொல்லிப் பேசிப் பார்க்கலாம், அதற்கு மேல் இழுப்பது உங்களுக்குத்தான் செலவு.

புதுக் கணக்கு என்ற யோசனை, அட்மின் அனுமதி கிடைக்காத நிலைக்கு மட்டும். புதுக் கணக்குக்குக் கூகுள் தனிச் சலுகை காட்டும் என்ற பேச்சில் உண்மை இல்லை. இரண்டு வருட வரலாறு போய்விடும், விளம்பரதாரர் அடையாள உறுதிப்படுத்தலை மறுபடி செய்ய வேண்டி வரலாம், அதே தப்பான கன்வெர்ஷனை அதிலும் போட்டால் அதே கதை. தொடங்கினாலும் பழையதை நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள், ஒரே தளத்துக்கு இரண்டு கணக்கை ஒன்றாக ஓட்டினால் விதிமீறலாகப் பார்க்கப்படலாம். பெர்ஃபோமன்ஸ் மேக்ஸ் இப்போது வேண்டவே வேண்டாம். அது தேடலோடு யூடியூப், ஜிமெயில், மேப்ஸ், டிஸ்பிளே எல்லாவற்றிலும் பரவும். வாட்ஸ்அப் கிளிக்தான் வெற்றி என்று சொல்லி அதை அவிழ்த்துவிட்டால் 71 இலகுவாக 300 ஆகும், அறை காலியாகவே இருக்கும்.

பழைய நிலைக்குத் திரும்பினால் போதுமா?

இதைச் சொல்ல எனக்குச் சங்கடமாக இருக்கிறது, ஆனால் நீங்களே எண்களைத் தந்திருக்கிறீர்கள். நன்றாக ஓடிய காலத்தில் மாதம் 240 டொலர் விளம்பரம், ஏஜென்சிக்கு 15,000 ரூபாய், அதாவது கிட்டத்தட்ட 50 டொலர். மொத்தம் 290. அதை 6 புக்கிங்கால் பிரித்தால் ஒன்றுக்கு 48 டொலர். புக்கிங் தளத்தின் 17 வீதக் கமிஷன், 150 டொலருக்கு 25 டொலர் 50 சதம். கமிஷன் அநியாயம் என்று நினைத்து அதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு கொடுத்துக்கொண்டிருந்தீர்கள் தங்கச்சி. அப்பா நிறுத்து என்று சொல்வதில் நியாயம் இருக்கிறது.

ஆகவே 8 டொலர், 6 புக்கிங் என்ற பழைய நிலையை இலக்காக வைக்க வேண்டாம். ஒரு புக்கிங்குக்கு 25 டொலருக்குக் குறைவு என்பதை வையுங்கள். அதற்கு வழி, முதலாவதாக உங்கள் ஹோம்ஸ்டேயின் சொந்தப் பெயருக்கு ஒரு சின்ன விளம்பரம். புக்கிங் தளத்தில் உங்களைப் பார்த்த பலர் பெயரைக் கூகுளில் போட்டுத் தேடுவார்கள், அந்தப் பெயருக்கு மேலே அதே தளத்தின் விளம்பரம் நிற்கிறதா என்று வெளிநாட்டில் இருக்கும் உறவினர் ஒருவரைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். நின்றால், அங்கே கொடுக்கும் காசுதான் மிகவும் பிரயோசனமான காசு, பொதுவாக மலிவும்கூட. இரண்டாவதாக அந்தப் பத்துப் பதினைந்து இறுக்கமான சொற்கள். இரண்டும் சேர்ந்து நாளுக்கு 3 டொலர், மாதம் 91. நான்கு புக்கிங் வந்தால் கணக்கு கட்டும். மாதாமாதம் ஏஜென்சிக் கட்டணம் இந்த அளவுக்குத் தாங்காது. ஒரு முறை சரியாக அமைத்துத் தரச் சொல்லி ஒரு தொகை கொடுத்துவிட்டு, வாரம் அரை மணித்தியாலம் நீங்களே பார்ப்பதுதான் உங்கள் வருமானத்துக்குப் பொருந்தும்.

கூகுள் மேப்ஸில் உங்கள் வணிகப் பக்கத்துக்குக் காசு கேட்பதில்லை, அங்கே கடைசிப் படம் போட்டு ஒன்றரை வருடமாகிறது. 2021 இலிருந்து ஹோட்டல் புக்கிங் இணைப்புகளையும் கூகுள் கட்டணமில்லாமல் காட்டுகிறது, அதையும் விசாரியுங்கள். இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிந்திருந்தால் பதிவு இலக்கத்தைப் பக்கத்தில் போடுங்கள். முன்பின் தெரியாத வீட்டுக்கு முற்பணம் அனுப்பத் தயங்குபவருக்கு அது ஒரு தைரியம். புக்கிங் தளங்களை இப்போதைக்கு விட்டுவிடவும் வேண்டாம். அங்கிருந்து வருபவர் கிளம்பும்போது வீட்டின் அட்டையைக் கையில் கொடுத்து, அடுத்த முறை நேராக எழுதுங்கள் என்று சொல்லுங்கள்.

ஆறு வாரம் கொடுங்கள், அதாவது 3 டொலர் கணக்கில் சுமார் 126 டொலர். ஒரு கொப்பியில் மூன்று எண் மட்டும் எழுதுங்கள்: அந்த வாரம் போன பணம், தேதியோடு வந்த விசாரிப்பு, வந்து தங்கியவர்கள். ஆறு வாரம் முடிந்து, தாமதமாக வருபவர்களுக்காக இன்னும் மூன்று வாரம் பொறுத்தபின் ஒரு புக்கிங்கின் செலவு 25 டொலருக்கு மேல் நின்றால், பொதுச் சொற்களுக்கான விளம்பரத்தை நிறுத்திவிட்டுப் பெயருக்கான விளம்பரத்தை மட்டும் விடுங்கள், நவம்பரில் அடுத்த பருவம் தொடங்கும்போது மறுபடி பார்க்கலாம். மாற்ற வரலாறு கைக்கு வந்ததும் அதை எனக்கும் அனுப்புங்கள், ஜனவரியில் எந்த நாளில் எது திறந்தது என்று சேர்ந்து பார்ப்போம்.